பூஜைக்கு வைத்த பம்பு

காற்றடித்த ரப்பர் படகை அப்படியே லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. எங்கள் பட்டறையில் தரை கூட்டுகிறவருக்குத் தெரியும். லாரி ஓட்டுகிறவருக்குத் தெரியும். டார்ஜிலிங்குக்கு ஒரு தடவை போய்வந்து, வழியில் சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்புவதைப் பார்த்த யாருக்கும் தெரியும். மேலே போகப் போக வெளியில் இருக்கும் காற்று லேசாகும். உள்ளே அடைத்து வைத்த காற்று விரிந்து இடம் கேட்கும். ரப்பர் துணி கொஞ்சம் கொடுக்கும், அதற்கு மேல் கொடுக்காது. கிழியும். எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை யாருக்குமே தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு வருஷம் என் மனைவியைச் சொல்யூஷன் டின் சுரண்ட வைத்தார்கள். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நான் கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் பிறந்தவன். அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்காக இங்கே வந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பேச்சும் அதோடு நின்றுவிட்டது என்று என் மனைவி சொல்வாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. தமிழிலேயே திறக்காத வாய் வங்காளத்தில் எப்படித் திறக்கும்? பட்டறையில் என்னை மதராஸி என்பார்கள். கூப்பிட்டால் போவேன், சொன்னதைச் செய்வேன். அவ்வளவுதான் என்னோடு அவர்களுக்குப் பேச்சு.

பட்டறை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹவுராவில். நானும் என் மனைவியும் தினமும் லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஏறிப் போவோம். வெள்ளம் வரும் ஊர்களுக்கும், ஏரிகளில் சுற்றுலாக்காரர்கள் ஏறுவதற்கும் அங்கே படகு செய்கிறார்கள். கட்டிக் கொடுப்பது என் வேலை. கட்டுவது என்றால் கயிறு போடுவது மட்டும் இல்லை. படகின் காற்றை விட்டு, ஈரம் துடைத்து, டால்க் பவுடர் தூவி, இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து, முன் நுனியான மூக்கிலிருந்து வால்வு இருக்கும் கடைசி வரை இறுக்கிச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் மிச்சக் காற்றும் வெளியேறும். அப்படிச் சுருட்டிய படகு பாய்க்கட்டு மாதிரி கிடக்கும். மலைக்குப் போனாலும் சரி, கடலுக்குப் போனாலும் சரி, அதற்கு ஒன்றும் ஆகாது. அதைக் கொண்டுபோய், பம்பு போட்டு ஊதி, கேட்டவர் கையில் கொடுத்துவிட்டு வருவேன்.

என் மனைவி அதே பட்டறையில் ஒட்டுப் போடுகிறவள். துணியைச் சுரண்டி, சொல்யூஷன் என்கிற ரப்பர் பசையைத் தடவி, காய விட்டு, மறுபடி தடவி, இரண்டு ஓரத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து உருளையால் அழுத்துவாள். சொல்யூஷன் எப்போது பதம் என்று புறங்கையை வைத்துப் பார்ப்பாள். படகின் மூக்கில் துணி வளைகிற இடம்தான் கஷ்டம், சுருக்கம் விழும். அந்த இடம் வந்தால் மற்றவர்கள் நகர்ந்துகொண்டு "பௌதி, நீங்க வாங்க" என்பார்கள். பௌதி என்றால் அண்ணி. பட்டறையில் அவளுக்கு அந்தப் பெயர் இருந்தது. எனக்கு மதராஸி என்ற பெயர்தான். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. பெருமைதான்.

ஹவுராவில் விஸ்வகர்மா பூஜை அன்று ஒரு மெஷின்கூட ஓடாது. முந்தின நாளே எல்லோரும் அவரவர் கருவியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிடுவோம். காலையில் சாமி சிலைக்கு முன்னால் அதை வைத்துக் குங்குமம் இடுவோம். வைத்த பிறகு தொடக் கூடாது. மறுநாள் சாயங்காலம் பூசாரி வந்து கலசத்தை அசைத்து, சிலையை ஆற்றுக்கு அனுப்பிய பிறகுதான் கருவி மறுபடி நம்முடையது. அதுவரை அது சாமியுடையது. வானம் முழுக்கப் பட்டம். பட்டறைக்கு உள்ளே கிச்சுடியும் ஆட்டுக்கறியும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் கை கூப்புகிறவன்தான்.

எங்கள் பட்டறையில் மட்டும் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. தயாராக இருக்கும் படகுகளைக் காற்றடித்து, கல் மாதிரி ஆக்கி, சாமிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி வைப்பார்கள். மூக்கில் குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த வருஷம் நின்ற இரண்டு படகும் மலை மேல் ஒரு ஏரிக்குப் போக வேண்டியவை. ஏரிக்கரையில் தங்கும் விடுதி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு யாரோ முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்களாம், சீக்கிரம் வேண்டுமாம். பூஜைக்கு மறுநாள் விடியற்காலையே லாரி கிளம்பவேண்டும் என்று மாலிக் பூஜை அன்று மத்தியானம்தான் சொன்னார். மாலிக் என்றால் எங்கள் முதலாளி.

படகின் காற்றை விடுவது பெரிய வேலை இல்லை. வால்வை விரலால் அமுக்கினால் போதும். ஆனால் அங்கே போய் மறுபடி ஊத பம்பு வேண்டும். மின்சாரத்தில் ஓடுகிற பம்பும் சாமிக்கு முன்னால், காலால் மிதிக்கிற பம்பும் சாமிக்கு முன்னால், இரண்டுக்கும் மாலை போட்டு. கலசம் அசைவதோ மறுநாள் சாயங்காலம். பல் குத்திக்கொண்டே கொஞ்ச நேரம் படகைப் பார்த்த மாலிக், "காத்தோடயே போகட்டும்" என்றார்.

துணி வெட்டுகிற வயதானவர் ஒருவர், தாதா என்று கூப்பிடுவோம், தாதா என்றால் அண்ணன், மலையாச்சே என்று மெதுவாக இழுத்தார். புதுப் படகு, தாங்கும் என்றார் மாலிக். எல்லோரும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார்கள். பூஜைக்கு வைத்த பம்பை எடு என்று சொல்கிற வாய் யாருடையதாக இருப்பது? என் மனைவி மட்டும் என் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னாள்.

"அந்த பம்பை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்களேன். சாமி என்ன, ராத்திரி உக்காந்து காத்தடிக்கப் போகுதா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, சும்மா இரு என்றேன்.

விடியற்காலை இரண்டு படகையும் ஒன்றின்மேல் ஒன்றாக லாரியில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கினோம். படகுக்கும் மாலை, லாரிக்கும் மாலை. பீகாரில் சாப்ராக்காரரான டிரைவர் என்னை 'அன்னா' என்று கூப்பிடுவார். ஏதோ படத்தில் பார்த்தது. கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கிறது, மாப்பிள்ளை யார் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். சமவெளி முழுக்க ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சிலிகுரி தாண்டி மலை ஏற ஆரம்பித்த பிறகு ஒரு கடையில் நிறுத்தினார். மேலே தொங்கிய சிப்ஸ் சரத்தைக் காட்டினார். ஒவ்வொரு பாக்கெட்டும் வெடிக்கிற மாதிரி இருந்தது.

"அன்னா, உங்க படகோட பிள்ளைங்க" என்றார். அவரே சிரித்தார். பிறகு அவரே சிரிப்பை நிறுத்திவிட்டு, பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

நானும் போய்ப் பார்த்தேன். மேல் படகை விரலால் தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. கயிறு ரப்பருக்குள் அமுங்கிக்கிடந்தது. வெயில் ஏறியிருந்தது. இன்னும் பாதி உயரம்கூட வரவில்லை. மாலிக்குக்கு போன் போட்டேன். படகு ரொம்ப இறுகுது, கொஞ்சம் விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். எனக்கு அந்த இரண்டு வாக்கியம் சொல்வதே பெரிய காரியம்.

"விட்டுட்டு, அங்க போய் வாயால ஊதுவியா?" என்றார். "விருந்தாளி முன்னாடி தொளதொளன்னு இறக்கி வெச்சு என் மானத்தை வாங்காதே. தாங்கும், போ." வைத்துவிட்டார்.

அதற்கு மேலே மண் சரிந்து வண்டிகள் வரிசையாக நின்றன. நேர் வெயில். தார்ப்பாய்க்கு அடியில் கை வைத்தால் அடுப்படி மாதிரி இருந்தது. படகுக்குள்ளிருந்து கிர்ர் என்று ஒரு சத்தம், கதவுக் கீல் மாதிரி. மாலிக் சொன்னதை மீறி, மேல் படகின் வால்வை அமுக்கிக் கொஞ்சம் காற்றை விட்டேன். கீழ்ப் படகின் வால்வு மேல் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. கயிறு முழுக்க அவிழ்த்தால்தான் கை போகும். நான் முடிச்சில் கை வைத்தபோது வரிசை நகர்ந்தது, பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தன. டிரைவர் என்னை ஏறச் சொன்னார்.

சில வளைவுகள் போயிருப்போம். துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். டிரைவர் டயர் என்று நினைத்து ஓரம் கட்டி, இறங்கி, ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்த்தார். நான் நேராகப் பின்னால் போனேன். மேல் படகு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அடியில் இருந்தது வாய் பிளந்திருந்தது. கிழிந்தது துணி. சட்டை தையலுக்குப் பக்கத்தில் கிழியுமே, அப்படி. ஒட்டு இருந்தபடியே, இரண்டு ஓரத்தையும் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தது. அது என் மனைவி போட்ட ஒட்டு. மேல் படகுக்கும் அவள்தான். ஒரே கை, ஒரே டின் சொல்யூஷன். காற்று விட்டது பிழைத்தது, விடாதது போனது.

ஏரிக்கரைப் பெரியவர் ஒன்றும் கத்தவில்லை. கிழிந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ கொடுக்கச் சொன்னார். நல்லதாக இருந்த படகில் காற்று குறைந்திருந்தது. அதற்கு என்ன செய்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, உள்ளே போய் ஒரு பம்பை எடுத்துக்கொண்டு வந்தார். கூடாரத்து மெத்தைக்கு ஊதுகிற பம்பு. படகு வால்வுக்கும் பொருந்தியது. விடுதி வைத்திருக்கிறவர் வீட்டில் பம்பு இருக்கிறதா என்று கல்கத்தாவிலிருந்து ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே எனக்குக் கோபம் ஆரம்பித்துவிட்டது. ஆனால் அப்போது அது சின்னக் கோபம்.

கிழிந்த படகோடு திரும்பி வந்தோம். மாலிக் அதைப் பட்டறை நடுவில் விரித்துப்போடச் சொன்னார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். குனிந்து, கிழிசலை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் ஒட்டின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஜாயின்ட் யாருது?"

யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? "என்னுது" என்றாள் என் மனைவி. கிழிந்தது ஜாயின்ட் இல்லையே, துணி ஆச்சே என்றும் சொன்னாள். ஜாயின்ட் விறைப்பாக இருந்ததால்தான் துணி கிழிந்தது, பதம் தப்பிவிட்டது, வயதாகிறது, கண் முன் மாதிரி இருக்காது என்றார் மாலிக். நாளையிலிருந்து ஒட்டுப் பலகையில் வேறு ஆள் உட்காரட்டும், பௌதி டின்களைப் பார்த்துக்கொள்ளட்டும். பதமாகத்தான் சொன்னார். எல்லோரும் படகைப் பார்த்தார்கள், பூஜை அன்று தட்டைப் பார்த்த மாதிரியே. வெட்டுகிற தாதாவும் பார்த்தார். டிரைவர் அடுத்த வாடகைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அங்கேதான் நின்றேன். அங்கே நின்றவர்களில் மலையில் நடந்ததை நேரில் பார்த்த ஒரே ஆள் நான். வங்காளத்தில் வார்த்தை தேடினேன். அதற்குள் மாலிக் போய்விட்டார்.

பிறகு மாலிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சாதாரண ஆள் இல்லை, விஷயம் தெரிந்தவர், அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். தோளில் கை வைத்துச் சொன்னார்.

"மனசுல வெச்சுக்காதே. எனக்குத் தெரியாதா? ஆனா வேற என்னன்னு சொல்லச் சொல்றே? பூஜைக்கு வெச்ச பம்பை எடுக்கல, அதனால வெடிச்சுதுன்னா பூஜை மேல பழி வருமே."

பூஜை மேல் பழி வரக் கூடாது. என் மனைவி மேல் வரலாம்.

அன்று சாயங்காலம் லாஞ்சில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு மாலிக் தனியாகச் சொன்னதைச் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்ப எல்லாருக்கும் தெரியும். அந்தாளுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன, என் தலையில வெச்சு அபிஷேகம் பண்றதா? தெரிஞ்சதை வாயால சொல்லணும். நாலு பேர் முன்னாடி சொன்னாரில்ல, அதே நாலு பேர் முன்னாடி சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன்.

"நீங்களா? நீங்க பஸ்ல இறங்கணும்னாலே என்னைத்தான் சொல்லச் சொல்வீங்க."

டின் சுரண்டுவது என்றால் காய்ந்துபோன சொல்யூஷனைக் கத்தியால் உரித்து எடுத்து, டின்னை மறுபடி பயன்படுத்துகிற மாதிரி துடைத்து வைப்பது. யாரும் செய்யலாம். பட்டறைக்குப் பின்பக்கம், கழிவறைக்குப் பக்கத்தில் இடம். அவளுடைய பலகையில் உட்கார்ந்தவர் நல்லவர்தான், கையும் மோசமில்லை. ஆனால் மூக்கு ஒட்டு வந்தால் எழுந்து பின்பக்கம் போவார், பௌதி எப்படிப் பிடிக்கிறது என்று கேட்பார். இவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையால் காற்றில் மடித்துக் காட்டுவாள். அவர் போய் அப்படியே செய்வார். சில நாள் அவளே போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டு டின்னுக்குத் திரும்பி வருவாள். மாலிக் பார்ப்பார், பார்க்காத மாதிரி போவார். ஏன் சொல்லிக்கொடுக்கிறாய் என்று நான் கேட்டால், "படகுல மனுஷன்தானே ஏறப்போறான்" என்பாள். அவளுக்கு வராத கோபமும் சேர்த்து எனக்கு வந்தது.

இட்லி அரிசிக்கும் கறிவேப்பிலைக்கும் லேக் மார்க்கெட் போவோம். அங்கே கடையில் எப்போதும் பார்க்கிற ஒரு தமிழ் அம்மா உண்டு, பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவி படகு செய்கிறாள் என்பது அவருக்கு அதிசயம். வெள்ளத்தில் படகைப் பார்த்தால் உன்னைத்தான் நினைப்பேன் என்பார். அந்த வருஷமும் கேட்டார், இப்போது என்ன படகு செய்கிறாய் என்று. என் மனைவி அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே, "பழைய அரிசியா இது?" என்று கடைக்காரரிடம் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு என்னை மட்டும் அனுப்ப ஆரம்பித்தாள்.

கிழிந்த படகுக்குப் பதில் இன்னொன்று செய்து அதே ஏரிக்கு நானே கொண்டுபோனேன். சுருட்டி, பாய்க்கட்டாக, பம்போடு. ஒன்றும் ஆகவில்லை. ஊதி முடித்த பிறகு விடுதிப் பெரியவர், உங்கள் மாலிக் போனில் சொன்னார், ஒட்டுப் போட்ட அம்மாவை மாற்றிவிட்டாராமே என்றார். பாவம், எதற்கு என்று கேட்டார். நான் அப்படி ஒன்றும் கேட்கவில்லையே, வேறு படகு கொடுங்கள் என்று மட்டும்தானே சொன்னேன் என்றார்.

கேட்காமலேயே கொடுத்திருக்கிறார் மாலிக். யாரும் பழி யார் மேல் என்று கேட்கவில்லை, இவரே தேடி எடுத்து, துடைத்து, தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார்.

"அது என் வீட்டுக்காரி" என்றேன் இந்தியில். பெரியவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் உங்கள் மாலிக்கிடம் பேசட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். பட்டறை நடுவில் சொன்னதைப் பட்டறை நடுவில்தான் எடுக்கவேண்டும், போனில் இல்லை. வரும் வழியெல்லாம் இதை மனதுக்குள் வங்காளத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பட்டறை வாசலில் எல்லாம் மறந்துபோனது. மறுநாளும் மறந்துபோனது. அப்படியே மாதங்கள் போயின.

அடுத்த பூஜை வந்தது. ஏரிப் பெரியவருக்கு இன்னொரு படகு வேண்டியிருந்தது. மறுநாள் காலை லாரி. சாமிக்குப் பக்கத்தில் படகு கல் மாதிரி நின்றது, மூக்கில் குங்குமம், மாலை. பம்புகள் சாமிக்கு முன்னால். எல்லாம் போன வருஷம் எழுதி வைத்ததைப் படிக்கிற மாதிரி இருந்தது. பூசாரி மந்திரம் முடித்து, சந்தேஷ் என்கிற பால் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே பையன்கள் மாடியில் பட்டம் அறுந்தது என்று கத்தினார்கள். மாலிக் என்னைப் பார்த்து, போன தடவை மாதிரி வேண்டாம், இந்தத் தடவை காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போகலாம் என்றார். கொஞ்சம் குறைத்து. பாதி அடித்த படகைக் கட்டினால் கயிறு நிற்காது, வழியெல்லாம் ஆடி உரசும், அது வேறு கதை. ஆக அவருக்குத் தெரிகிறது. தெரிந்ததைப் பம்பைத் தொடாமல் செய்யப் பார்க்கிறார்.

நான் சாமிக்கு முன்னால் பார்த்தேன். வரிசையாகக் கருவிகள். வெட்டுகிற தாதாவின் பெரிய கத்தரிக்கோல். ஒட்டுப் பலகைக்காரரின் உருளை. ஒவ்வொன்றுக்கும் குங்குமம். ஓரத்தில் ஒரு சின்னக் கத்தி, டின் சுரண்டுகிற கத்தி, துடைத்துப் பளபளவென்று, அதன் மேலும் ஒரு பொட்டு. அவரவர் கருவியை அவரவர்தான் வைக்கவேண்டும். போன வருஷம் உருளை வைத்த என் மனைவி இந்த வருஷம் அந்தக் கத்தியை வைத்திருந்தாள்.

அதற்கு மேல் நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. செருப்பைக் கழற்றினேன். போய்க் குனிந்து மின்சாரப் பம்பை இரண்டு கையாலும் தூக்கினேன். மாலை அதோடு சேர்ந்து வந்தது. பட்டறையில் சத்தம் நின்றது. கரண்டிகூட நின்றது.

"மதராஸி, என்ன பண்றே?" என்றார் மாலிக்.

பம்பு கனமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டே சொன்னேன். ஒரு வருஷம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வங்காளம் எங்கே போனதோ, வந்தது என்னவோ பாதி இந்தி. "போன வருஷம் படகு காத்துல வெடிச்சுது. இந்த பம்பை எடுக்காததால வெடிச்சுது. அவ ஜாயின்ட்டால இல்ல. நான் பார்த்தேன்."

எல்லோரும் மாலிக்கைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது என்ன எதிர்பார்ப்பு என்று தெரியவில்லை. கத்துவார், வெளியே போ என்பார், சாமி குத்தம் என்பார். அவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார்.

"யாரு இல்லைன்னு சொன்னா?" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வருஷம் அவள் கழிவறைப் பக்கம் உட்கார்ந்து டின் உரித்ததற்கு அவர் கொடுத்த பதில் அது.

பூசாரி சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். எங்கள் தெருவில் எல்லாப் பட்டறைக்கும் அவர்தான், கை கால் ஓயாத மனிதர். பம்பில் கிடந்த மாலையை எடுத்துவிட்டார். குழாய்க்குள் பூ போயிடும், முதலில் அதைப் பார் என்றார். கொஞ்சம் தீர்த்தம் தெளித்தார். பிறகு என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"போன வருஷம் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தாதா. கலசத்தை அப்பவே அசைச்சுக் கொடுத்துட்டுப் போயிருப்பேன். அரை நிமிஷ வேலை. அவசரம்னா சாமிக்குத் தெரியாதா?"

போன வருஷமும் அவர் இங்கேதான் இருந்தார். இதே இடத்தில் உட்கார்ந்து இதே சந்தேஷ் சாப்பிட்டார். நாங்கள் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டுதான் காற்றோடு அனுப்ப முடிவு செய்தோம்.

படகின் வால்வை அமுக்கினேன். காற்று சீறிக்கொண்டு போனது. குங்குமம் இட்ட மூக்கு மெல்லத் தலை கவிழ்ந்தது. யாரும் தடுக்கவில்லை. துடைத்தேன், பவுடர் போட்டேன், சுருட்டினேன். வெட்டுகிற தாதா வந்து ஒரு முனையைப் பிடித்தார். இந்த வருஷம் பிடிக்கிறார். அவர்மேலும் எனக்குக் கோபம்தான், ஆனால் கையை விடச் சொல்லவில்லை. ஒரு ஆளால் இறுக்கிச் சுருட்ட முடியாது. என் மனைவி கிச்சுடிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை லாரியில் போனேன். அதே டிரைவர். பாய்க்கட்டைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை இந்தத் தடவை படுத்துக்கொண்டே வருகிறாரா என்றார். மலை மேல் சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பின. படகு அது பாட்டுக்குத் தூங்கியது. ஏரியில் இறக்கி, பம்பு போட்டு ஊதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது என் மனைவி ஒட்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லையாம். சிலை ஆற்றுக்குப் போன மறுநாள், எல்லோரும் கருவியை எடுத்துக்கொண்டபோது, இவள் கத்தியை அங்கேயே விட்டுவிட்டு அலமாரியில் கிடந்த தன் பழைய உருளையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அங்கே இருந்தவர் நகர்ந்து இடம் விட்டார். மாலிக் வந்தார், நின்றார், சாயங்காலத்துக்குள் மூக்கு முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள். போய்விட்டார். தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. இன்று வரை இல்லை.

சாயங்காலம் லாஞ்சில் கூட்டம். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல் நகத்தில் சொல்யூஷன் காய்ந்திருந்தது, உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க பேசினது பாதி இந்தி, பாதி வங்காளம், ஒண்ணும் சரியாப் புரியல. தமிழ்ல சொல்லுங்க."

"இங்கயா? இவ்ளோ பேர் இருக்காங்க."

"இவங்களுக்கு என்ன தமிழ் தெரியப்போகுது? சொல்லுங்க."

சொன்னேன். போன வருஷம் படகு காற்றால் வெடித்தது, பம்பை எடுக்காததால் வெடித்தது, உன் ஜாயின்ட்டால் இல்லை, நான் பார்த்தேன். என்ஜின் சத்தத்தில் கொஞ்சம் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. எதிரில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தவர், சண்டை என்று நினைத்து எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"நானும்தான்" என்றாள். நகத்தை உரிப்பதை விடவில்லை. கரை வந்ததும் முதலில் எழுந்தவள் அவள்தான். இடம் விடுங்கள், இறங்கவேண்டும் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது நான்.